ரத்தப் பரிசோதனைப் படிப்பு: சட்டம் வந்தது, குழப்பம் போகவில்லை

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், கல்யாண் முதலிய இடங்களில் உள்ள தமிழர் வீடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான பேச்சுத்தான் நடக்கும். டாக்டர் படிப்புக்கு மார்க்கு எட்டவில்லை. என்ஜினீயரிங் படித்த எதிர்வீட்டுப் பையன் இரண்டு வருஷமாக வேலை தேடுகிறான். நர்ஸ் வேலைக்கு அனுப்பப் பாட்டி சம்மதிக்க மாட்டாள். இந்தச் சமயத்தில் யாராவது ஓர் உறவினர் வந்து, "லாப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்து விடுங்கள், ஆஸ்பத்திரி இருக்கும் வரை வேலை இருக்கும்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போவார்.

யோசனை தவறானதல்ல. ஆனால் அடுத்த நாள் ரெயில் நிலைய வாசலில் கண்ணில் படும் விளம்பரப் பலகையில் இருந்துதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆறு மாதத்தில் டிப்ளமா, ஒரு வருஷத்தில் டிப்ளமா, வேலைக்கு உத்தரவாதம், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று எழுதியிருக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கவுன்சில் என்ற விவரம் மட்டும் இருக்காது. இருந்தாலும் படிக்க முடியாத சிறிய எழுத்தில் இருக்கும். மாதச் சம்பளக்காரரான தகப்பனார் பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்துக் கட்டும் பணம் இது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே, அது அரசு ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் செல்லாது என்ற செய்தி அவருக்குத் தெரிய வருகிறது.

இதைத் தடுக்கத்தான் 2021இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, அதனால் மும்பைத் தமிழர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்குமுன், இந்தப் படிப்பு எதற்காக என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தால் அது சீட்டு அடித்துக் கொடுக்கிறது, இதற்கு நான்கு வருஷம் படிப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பம்பாயின் பெயர் தாங்கிய ரத்தம்

அவர்களுக்குப் பதில் பரேலில் இருக்கிறது. 1952இல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியோடு இணைந்த சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் புதிய ரத்த வகை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'லான்செட்' பத்திரிகையில் அதே ஆண்டு அறிவித்தார்கள். உலகம் முழுவதும் இன்றைக்கும் அதற்குப் 'பம்பாய் ரத்த வகை' என்றே பெயர். ஊர் மும்பையாகிவிட்டது, ரத்தம் மட்டும் பம்பாயாகவே இருக்கிறது.

ஏ, பி, ஓ என்ற பிரிவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக 'எச்' என்ற பொருள் சிவப்பணுக்களின் மேல் இருக்கிறது. ஓ பிரிவினரிடம் அது நிறையவே உண்டு. பம்பாய் வகையினரிடம் அது அறவே இல்லை. ஆகவே ஏ மருந்து, பி மருந்து இரண்டை மட்டும் ஊற்றிப் பார்க்கும் அவசரப் பரிசோதனையில் இவர்களுடைய ரத்தம் ஓ மாதிரியே தோன்றும். "ஓ பாசிட்டிவ்" என்று எழுதி, ஓ ரத்தத்தையே ஏற்றினால் நோயாளி பிழைப்பது கடினம். ஏனென்றால் அவருடைய ரத்தத்தில் 'எச்' பொருளுக்கு எதிரான சக்தி பிறவியிலேயே இருக்கிறது. ஓ பிரிவு அணுக்களை அது அழித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. நோயாளியின் அணுக்களைச் சோதித்ததோடு நிற்காமல், அவருடைய சீரத்தை எடுத்து, பிரிவு தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்துத் தலைகீழாகவும் சோதிக்க வேண்டும். ஓ அணுக்களும் திரண்டுகொண்டால் அங்கேயே கையை நிறுத்திவிட வேண்டும். ரத்தம் ஏற்றுமுன் செய்யும் கிராஸ் மேட்ச் சோதனையிலும் இது அகப்படும். இரண்டையும் தவறாமல் செய்கிறவன் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறான். இந்த வகையினர் இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. மும்பை ஜனத்தொகைக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும்.

அதே கே.ஈ.எம். வளாகத்தில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1957இல் தொடங்கிய ரத்தப் பிரிவு ஆய்வு மையமும் இருக்கிறது. அது வளர்ந்து, தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனமாக விளங்குகிறது. தாராவியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் போய்ச் சேரக்கூடிய இடம்.

மெஷின் சொல்வதும் கண் பார்ப்பதும்

ரத்த அணுக்களை எண்ணும் மெஷினுக்கு வித்திட்டவர் வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கர். 1953இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பு மைக்ராஸ்கோப்பின் கீழ் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இப்போது மெஷின் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடுகிறது. அப்படியானால் ஆள் எதற்கு?

மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்குப் பிளேட்லெட் இருபதாயிரம் என்று மெஷின் சீட்டு வருகிறது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. வீட்டார் கதிகலங்கி, பிளேட்லெட் பாட்டிலுக்கு ஊரெல்லாம் அலைவார்கள். ஆனால் சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து பட்டவுடன் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பத்து சேர்ந்த கட்டியை மெஷின் ஒன்று என்று எண்ணும். அல்லது எண்ணாமலே விட்டுவிடும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, அதன் ஓரத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்குக் கட்டி கட்டியாக நிற்பது கண்ணில் படும். நீல மூடிக் குழாயில், அதாவது சிட்ரேட் கலந்த குழாயில், மறுபடி ரத்தம் எடுத்து எண்ணிப் பார்ப்பான். அதில் கலந்த திரவத்துக்காக வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். இருபதாயிரம் என்பது ஒன்றரை லட்சமாகிவிடும். நோயாளி இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

மலேரியாக் கிருமியும் இதே கண்ணாடியில்தான் தெரிகிறது. ரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளமும் பல சமயம் இங்கேதான் அகப்படுகிறது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர் என்பது உண்மை. ஆனால் "இந்த ஸ்லைடைக் கொஞ்சம் பாருங்கள்" என்று டாக்டரிடம் கொண்டுபோய் வைப்பவன் டெக்னீஷியன். அவன் வைக்காவிட்டால் அவர் பார்க்கப் போவதில்லை.

இதைவிடச் சாதாரணமான தவறுகளே அதிகம். டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் குறைந்து காட்டும். கையில் பட்டையை இறுக்கி வெகுநேரம் விட்டால் அளவுகள் மாறும். குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் ரத்தம் உறையும். பெயர்ச் சீட்டைக் குழாயில் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்தால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போகும். இவற்றையெல்லாம் ஆறு மாத வகுப்பில் காதால் கேட்கலாம். கையில் பழக்கமாவதற்கு ஆஸ்பத்திரியில் நாட்கள் வேண்டும்.

தேசத்தின் கணக்கே மாறுகிறது

ஒரு விரல் நுனியில் செய்யும் வேலை நாட்டின் புள்ளிவிவரத்தையே ஆட்டிவைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று அறிவித்தார்கள். முந்தைய ஆய்வில் 53.1. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவிகிதம் 67.1 ஆக உயர்ந்ததாகச் சொன்னார்கள். இத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் சோகை ஏறுகிறதா என்று பெரிய விவாதம் எழுந்தது.

அந்த ஆய்வில் விரலைக் குத்தி எடுத்த துளியைத்தான் சிறிய கருவியில் சோதித்தார்கள். 2016-18இல் குழந்தைகளுக்காக நடந்த வேறொரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லாபரட்டரியில் சோதித்தபோது, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் சோகை 41 சதவிகிதம் என்று வந்தது. வயது வரம்பு இரண்டிலும் சரியாக ஒன்றல்ல. ஆனாலும் வித்தியாசம் கவனிக்கத்தக்கது. விரலை அழுத்திப் பிழிந்தால் ரத்தத்தோடு உடல்நீரும் கலந்து அளவு மாறிவிடும் என்பது இந்தத் துறையில் முதல் வருஷ மாணவனுக்கே கற்பிக்கப்படுவது. கடைசியில் ஆறாவது குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டு, நரம்பு ரத்தத்தைக் கொண்டு தனியாக ஒரு ஆய்வு நடத்தும் பொறுப்பை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள்.

குறையைச் சுட்டிக்காட்டுபவர்களை வாயடைக்கத்தான் கணக்கையே மாற்றினார்கள் என்று சிலர் குற்றம் சாட்டியதும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் புதிய முறையின் முடிவுகளை வட்டாரவாரியாகத் தாமதமின்றி வெளியிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நரம்பு ரத்தம் எடுத்துச் சோதிக்கப் பழகிய ஆட்கள் கிராமம் தோறும் தேவைப்படுகிறார்கள்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் பிரதமர் அரிவாள் அணு சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் இந்நோயை ஒழிப்பது என்பது திட்டம். மகாராஷ்டிரத்தில் நந்தூர்பாரும் கட்சிரோலியும் இந்நோய்க்குப் பேர்போன ஜில்லாக்கள். இந்தியாவில் இதை முதலில் கண்டது தமிழ்நாட்டில் என்பது இங்கே சொல்லத்தக்கது. நீலகிரி மலைவாழ் மக்களிடையே லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டு 1952இல் எழுதினார்கள். பம்பாய் ரத்த வகை வெளியானதும் அதே வருஷம்தான்.

முதற்கட்டச் சோதனை எளிது. யாருக்கு நோய், யார் நோயைச் சுமப்பவர் மட்டும் என்று பிரித்துச் சொல்வதற்கு வேறு கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். தாலசீமியாவும் அப்படியே. ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி மூன்றரை சதவிகிதத்துக்கு மேல் போனால் அந்த ஆள் சுமப்பவராக இருக்கக்கூடும். சுமப்பவர் இருவர் மணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்க்கும் குடும்பங்கள் இந்தச் சீட்டையும் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

டாக்டர்களுக்குக் கவுன்சில் உண்டு, நர்ஸுகளுக்கு உண்டு, மருந்தாளர்களுக்கு 1948 முதலே உண்டு. லாப் டெக்னீஷியனுக்கு மட்டும் நாடு முழுவதற்குமான கவுன்சில் வெகுகாலம் இல்லை. 2007இல் ஒரு மசோதா வந்து லோக்சபையோடு காலாவதியாயிற்று. கடைசியாக 2021 மார்ச் மாதம் ராஜ்யசபையிலும் லோக்சபையிலும் நிறைவேறி, 28ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசியக் கமிஷன் சட்டம். கொரோனாவில் லாப் ஊழியர்கள் இரவு பகலாக மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அவர்களுடைய நினைவு டில்லிக்கு வர ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது போலும்.

இந்தச் சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். முதல் பிரிவே மருத்துவ லாபரட்டரித் துறைதான். அதில் லாபரட்டரி டெக்னாலஜிஸ்டுக்குப் பக்கத்தில் ரத்தவியல் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயரும் தனியாக இடம்பெற்றிருக்கிறது. துணைத் தொழிலர் என்று பதிவு பெற இரண்டு முதல் நான்கு வருஷங்களில் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதற்கு மேற்பட்ட நிலைக்குப் பட்டம் வேண்டும். மூன்று முதல் ஆறு வருஷங்களில் குறைந்தது 3600 மணி நேரம். ஆக, ஆறு மாதச் சான்றிதழும் ஒரு வருஷச் சான்றிதழும் இந்தக் கணக்கில் வருவதற்கு வழியில்லை. விளம்பரப் பலகை முன் நிற்கும் தகப்பனார் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டாலே போதும்: படிப்பு எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம், அதில் ஆஸ்பத்திரிப் பயிற்சி எவ்வளவு?

சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அமலாக்கம்? ஒவ்வொரு மாநிலமும் தன் கவுன்சிலை அமைக்க வேண்டும். அமைக்கவில்லை என்று தொழிலர் சங்கங்களின் கூட்டமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில், அதாவது சட்டம் வந்து மூன்று வருஷம் கழித்து, 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருக்கின்றன, அவையும் செயல்படுவதாகத் தெரியவில்லை என்று கோர்ட் குறிப்பிட்டு, இரண்டு மாதத்தில் அமல் செய்ய உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தில் 2011ஆம் ஆண்டுப் பெயரிலேயே ஒரு பாராமெடிக்கல் கவுன்சில் சட்டம் உண்டு. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நிற்கும்போது, எங்கே பதிவு செய்வது என்று தெரியாமல் தவிப்பது படித்து முடித்த பிள்ளைதான்.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் கமிஷன் எடுத்த முடிவும் முக்கியமானது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை அந்தக் கல்வியாண்டு முதல் தபால் வழியாகவோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று அது உத்தரவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே மைக்ரோபயாலஜி பட்டம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த குமாஸ்தாக்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் ரத்தம் எடுப்பதைத் தபாலில் எப்படிக் கற்பது? முடிவில் குற்றம் காண்பதற்கில்லை. மாலை நேரக் கல்லூரி என்ற மாற்று வழியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதே குறை.

சொந்தமாக லாப் வைத்துப் பிழைக்கலாம் என்று ஆசை காட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு. குஜராத்தில் இருந்து போன வழக்கில் 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், லாப் ரிப்போர்ட்டில் கையெழுத்திடப் பேதாலஜியில் மேற்பட்டம் பெற்ற பதிவு டாக்டருக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது. பின்னர் மத்திய விதிகளில் வேறு சில தகுதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஆயினும் வெறும் டிப்ளமாவை வைத்துக்கொண்டு நோய் இன்னதென்று கருத்து எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

எங்கே படிப்பது

ரத்தவியல் டெக்னாலஜிக்கு என்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது மருத்துவ லாபரட்டரிப் பட்டத்தின் ஒரு பகுதி. மேல்படிப்பில்தான் தனியாகப் பிரியும். நாசிக்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1998இல் ஏற்பட்ட மகாராஷ்டிர சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் கீழ் பாராமெடிக்கல் டெக்னாலஜிப் பட்டம் உண்டு. லாபரட்டரி, ரத்தம் ஏற்றுதல் என்று அதில் பிரிவுகள் இருக்கின்றன. மூன்று வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷப் பயிற்சி. ஊருக்கு அனுப்புவதானால் சென்னையில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் உண்டு. பாராமெடிக்கல் பட்டங்களுக்கு அங்கே பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டே தேர்வு நடந்து வந்திருக்கிறது. 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ரத்தவியலுக்குப் பெயர் பெற்றது. அதற்கு மூன்று வருஷம் முன்பே அந்தச் சிகிச்சையைச் செய்தது மும்பை டாட்டா ஆஸ்பத்திரி.

இங்கேதான் மும்பைத் தமிழர்களுக்கே உரிய சிக்கல் தலைகாட்டுகிறது. ஜாதிச் சான்றிதழ்.

ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியலில் உள்ள ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகை தொடராது என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்ச் 1990இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு யார் தெரியுமா? பம்பாய் ரத்த வகை பிறந்த அதே சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியின் டீன். ஆந்திரத்திலிருந்து தகப்பனார் வேலை நிமித்தம் பம்பாய்க்கு வந்த ஒரு மாணவர், பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 2018இல் வேறொரு பெஞ்சும் அதே கொள்கையை உறுதி செய்தது.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலையில் கையை ரணமாக்கிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று படிக்கிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள், மராத்தி பேசுபவர்கள், இங்கேயே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தவர்கள். மகாராஷ்டிரத்தில் சான்றிதழ் பெற வேண்டுமானால், குடும்பம் 1950 ஆகஸ்டு 10ஆம் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இதர பிற்பட்ட வகுப்பாருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அன்றைக்குக் குடிசையில் இருந்தவர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவார்? ரேஷன் கார்டு மழையில் போயிருக்கும். பள்ளிக்கூடப் பதிவு இருந்தால் உண்டு. தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர். தாழ்த்தப்பட்ட பிள்ளை கடைசியில் பொதுப் பிரிவில் போட்டியிட்டு, பொதுப் பிரிவுக் கட்டணத்தைக் கட்டி, இல்லையேல் விளம்பரப் பலகை டிப்ளமாவில் போய் விழுகிறது. தீர்ப்பின் சட்ட நியாயம் என்னவாக இருந்தாலும் பலன் இதுதான். இதைச் சட்டத் திருத்தத்தால் மட்டுமே சரிசெய்ய முடியும். தாராவியில் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மத்திய அரசு நிறுவனங்களிலும் மத்திய அரசு வேலைகளிலும் நிலைமை வேறு. சொந்த மாநிலத்துச் சான்றிதழ் அங்கே செல்லும். தகப்பனாருக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சான்றிதழைக் காட்டி, குடியிருக்கும் மாநிலத்திலேயே பிள்ளைக்குக் குடிபெயர்ந்தோர் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. ஆகவே ரெயில்வே வேலையைக் கவனிக்க வேண்டும். ரெயில்வே தேர்வு வாரியங்கள் 2019இலும் 2024இலும் பாராமெடிக்கல் பணியிடங்களுக்கு விளம்பரம் செய்தபோது லாபரட்டரி சூப்பரிண்டெண்ட், லாபரட்டரி அசிஸ்டெண்ட் பதவிகளும் அவற்றில் இருந்தன.

தனியார் துறையில் சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, ஷிப்டு அதிகம். பெரிய கம்பெனிகள் நகரம் முழுவதும் ரத்தம் சேகரித்து ஒரே இடத்தில் சோதிப்பதால் சிறிய லாப்கள் குறைந்து, சேகரிப்பவர் வேலை மட்டும் பெருகுகிறது. பட்டம் பெற்றவனை மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக ரத்தம் எடுக்க அனுப்புவதும் நடக்கிறது. ஆனால் இதே மும்பையில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர் வேலுமணி, 1996இல் தைராய்டுப் பரிசோதனைக்காகத் தொடங்கிய தைரோகேர் கம்பெனி, 2021இல் பெரும்பான்மைப் பங்கு கைமாறியபோது நாலாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று என்பதையும் மறந்துவிட முடியாது. எல்லோரும் வேலுமணி ஆவதில்லை.

நிலையான வேலை வேண்டுவோருக்கு ரத்த வங்கி ஒரு நல்ல வழி. காசுக்கு ரத்தம் விற்பதை 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நிறுத்திய 1996ஆம் ஆண்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, ரத்த வங்கிகளின் லைசென்ஸ் நிபந்தனைகள் இறுகின. மருந்து விதிகளின்படி அங்கே டெக்னீஷியனாக இருக்க, லாபரட்டரி டெக்னாலஜிப் பட்டத்தோடு ஆறு மாத அனுபவமோ, டிப்ளமாவோடு ஒரு வருஷ அனுபவமோ வேண்டும். தகுதியில்லாத ஆளை வைத்தால் லைசென்ஸுக்கே ஆபத்து என்பதால், இங்கே சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டில் இப்போதே செய்ய வேண்டியது, ஊரிலுள்ள தாலுகா அலுவலகத்தில் தகப்பனாரின் ஜாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் எடுத்து வைப்பது. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகும்போது இதற்கு இரண்டு நாள் ஒதுக்கலாம். முடிவு வந்த பிறகு ஓடினால், விண்ணப்பத்தின் கடைசித் தேதி தாலுகா கிளார்க்குக்காகக் காத்திருக்காது.